பிக்கப் ஜன்னல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கடலூர் முதுநகரில் மீன் ஏற்றிச் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்க பிக்கப் வாங்குகிறவர் எஞ்சினையும் மைலேஜையும் பத்துப் பேரிடம் விசாரிப்பார். ஜன்னல் விஷயத்தில் மட்டும் காதில் விழுந்ததையே நம்பிவிடுவார். அப்படிப் புழங்கும் ஐந்து நம்பிக்கைகள் இவை.

நம்பிக்கை 1: பவர் விண்டோ சொகுசு, லோடு வண்டிக்கு எதற்கு?
உண்மை: கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டுகிறவருக்குத்தான் அது அதிகம் உதவும். ஐப்பசி மழையில் இடது ஜன்னலில் நீர் வழிந்தால் சைடு மிரரில் பின்னால் வரும் பஸ் தெரியாது. அந்தக் கண்ணாடியை இறக்கக் கைப்பிடியைச் சுற்ற வேண்டுமென்றால் சீட்டில் சாய்ந்து படுக்க வேண்டும். சுவிட்சுக்கு ஒரு விரல் போதும்.

நம்பிக்கை 2: உப்புக்காற்றில் மோட்டார் தாங்காது, கைப்பிடிதான் நிலைக்கும்.
உண்மை: பாதிதான் சரி. ஒயர் முனைகளை உப்பு அரிக்கும். ஆனால் கைப்பிடி வண்டியிலும் கதவுக்குள் இருப்பது இரும்புதான், அதுவும் துருப்பிடிக்கும். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைநீர், கதவின் அடியில் உள்ள சிறு துளைகள் வழியே வெளியேறும். மணலும் மீன் செதிலும் அடைத்தால் உள்ளேயே தேங்கும். வண்டி கழுவும்போது அந்தத் துளைகளை ஒரு குச்சியால் குத்திவிடுங்கள்.

நம்பிக்கை 3: கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் கேபின் குளிரும், லேசான ஃபிலிமுக்குத் தடையில்லை.
உண்மை: வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கறுப்பாக இருப்பதாலேயே அது நின்றுவிடாது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சத்தை விட வேண்டும் என்பது விதி. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எவ்வளவு லேசான ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்றது. பின்னர் விதி திருத்தப்பட்டு, 2024இல் கேரள உயர் நீதிமன்றம் இந்த அளவுக்குட்பட்ட ஃபிலிமை அனுமதித்தது. கேரளத் தீர்ப்பை நம்பிக் கடலூரில் காசைப் போடாதீர்கள். கம்பெனியே சாயமேற்றிப் பொருத்தித் தரும் கண்ணாடி என்றால் வம்பில்லை.

நம்பிக்கை 4: ஏசி கட்டாயமாகிவிட்டது, இனி ஜன்னலைப் பற்றி என்ன கவலை?
உண்மை: 2025இல் நடைமுறைக்கு வந்த அந்த உத்தரவு, புதிதாகத் தயாராகும் வண்டிகளில் மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு மட்டுமே. குட்டி யானை, தோஸ்த் ரகங்கள் அதில் வரா. அவற்றுக்கு இன்னும் ஜன்னல்தான் காற்று.

நம்பிக்கை 5: பின் கண்ணாடி தார்ப்பாயில் மறைந்துவிடும்; அதற்குக் கம்பி வலை தண்டச் செலவு.
உண்மை: சடன் பிரேக் அடித்தால் ஐஸ் பெட்டி முன்னால் பாய்வது அங்கேதான். அமெரிக்க பிக்கப்களில் வருவதுபோல் நகர்த்தித் திறக்கும் பின் கண்ணாடியைப் பார்த்து மயங்க வேண்டாம். மீன் வாடை நேரே கேபினுக்குள் வரும்.

ஷோரூமில் சீட் பெல்ட் போட்டபடியே இடது கதவின் கைப்பிடியை எட்டிப் பாருங்கள். எட்டவில்லை, கூட ஆளும் வரமாட்டார் என்றால் பவர் விண்டோவுக்குப் பணம் கொடுக்கலாம். கையிருப்பு குறைவென்றால் முதலில் வலை, அடுத்து பவர் விண்டோ; ஃபிலிம் வேண்டவே வேண்டாம்.