விளையாட்டுக்கு விலை என்ன?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் விற்காத பழம் அழுகிவிடும். ஆகவே விலையைக் குறைத்தேனும் வணிகர் விற்பர். இணையக் கடையிலுள்ள கணினி விளையாட்டு அழுகுவதில்லை. நகலெடுக்கத் தனிச் செலவும் இல்லை. அதற்கு எவ்வாறு விலை வகுப்பது?

'வெண்பா' என்னும் விளையாட்டைக் காண்போம். கனடாவில் குடியேறிய தமிழ்த்தாய் ஒருவர், தம் தாய் தந்த சிதைந்த சமையற்குறிப்பேட்டைக் கொண்டு உணவு சமைத்து, மகனை வளர்க்கும் கதை அது. டொராண்டோ நகரின் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு 2023-இல் அதை வெளியிட்டது.

ஸ்டீம் என்னும் இணையக் கடையில், வெளியானபோது அமெரிக்க விலை ஏறத்தாழ 15 டாலர். அக்கடை பொதுவாக 30 விழுக்காட்டைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளும். விலை கூடினால் வாங்குவோர் குறைவர். மிகத் தாழ்ந்தால் உழைப்புக்கு ஊதியம் கிட்டாது. எனவே நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கவும், தள்ளுபடி தரவும் அங்கு வழியுண்டு.

வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியவர் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது ஸ்டீம் விதி. வெண்பாவையோ அந்நேரத்திற்குள் ஆடி முடித்துவிடலாம்!

சிந்திக்க: முழுக்கதையையும் சுவைத்தபின் பணத்தைத் திரும்பப் பெறுவது முறையாகுமா? காரணம் கூறுக.