மல்டிடாஸ்கிங் கில்லியா நீங்க? ஓ.எஸ். பாடம் வேற கதை சொல்லுது!

ஒரு டேப்ல ஆப்டிடியூட் வீடியோ, இன்னொரு டேப்ல ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கையில வாட்ஸ்அப் குரூப். "எல்லாத்தையும் ஒரே நேரத்துல பார்த்துப்பேன்"னு சொல்ற ஆளா நீங்க? அப்போ ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தை ஒரு தடவை புரட்டிட்டு வரலாம் வாங்க. மெக்கானிக்கல், சிவில் மக்களும் தைரியமா வரலாம், புரியும்.

ஒற்றை கோர் உள்ள ப்ராசஸர் ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். பாட்டும் ஓடுது, பிரவுசரும் ஓடுதுன்னு நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், அது மில்லிசெகண்ட் கணக்கில் மாறி மாறிச் செய்வதுதான். ஒவ்வொரு தடவை மாறும்போதும் பழைய வேலை எந்த நிலையில் நின்றதோ அதைச் சேமித்து வைத்து, புது வேலையின் நிலையை ஏற்ற வேண்டும். இதுதான் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். அந்த நேரத்தில் உருப்படியான வேலை எதுவும் நடக்காது. மெமரிக்குத் தாங்காத அளவு ப்ராசஸ்களை ஏற்றினால் இன்னும் மோசம்: பேஜ்களை டிஸ்க்குக்கும் மெமரிக்கும் மாற்றி மாற்றித் தூக்கிப் போடுவதிலேயே பொழுது போய்விடும். இதுக்குப் பேர் த்ராஷிங். 1968-லயே பீட்டர் டென்னிங் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிட்டார்.

ப்ராசஸராவது சேமித்ததை ஒரு பிட் குறையாமல் திருப்பி எடுக்கும். நமக்கு அந்த வசதியும் கிடையாது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் இதைக் 'கவன எச்சம்' என்ற பொருளில் சொல்கிறார். பாதியில் விட்ட வேலையிலிருந்து மனசு முழுசா விடுபடாது, அதனால அடுத்த வேலையும் சுமாராத்தான் வரும்.

சரி, ஒண்ணு முடிச்சிட்டு அடுத்தது. எதை முதல்ல எடுக்கிறது? "முக்கியமானதை"ன்னு உடனே சொல்லுவீங்க. அது மட்டும் போதாது என்பதை நாசாவே செவ்வாய் கிரகத்தில் கற்றுக்கொண்டது.

1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே ரீசெட் ஆக ஆரம்பித்தது. உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ப்ரயாரிட்டி கொடுத்துத்தான் வைத்திருந்தார்கள். தகவல் பஸ்ஸை நிர்வகிக்கும் வேலைக்கு உயர்ந்த இடம், வானிலைத் தகவல் சேகரிப்புக்குக் கீழ் இடம். வானிலை வேலை ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தபோது, அதே பூட்டுக்காக பஸ் வேலை காத்து நின்றது. வானிலை வேலை சட்டுனு முடித்துப் பூட்டை விட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் நடுத்தர ப்ரயாரிட்டி வேலைகள் உள்ளே புகுந்து அதை ஓட விடவில்லை. ஆகப் பெரியவர், ஆகச் சின்னவரால் மாட்டிக்கொண்டார். முக்கிய வேலை நேரத்துக்கு முடியவில்லையே என்று கண்காணிப்பு அமைப்பு மொத்த சிஸ்டத்தையும் ரீசெட் செய்துவிட்டது. பூமியில் இருந்த நகல் இயந்திரத்தில் இதை வரவழைத்துப் பார்த்துத்தான் பொறியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். தீர்வு: பெரிய வேலை காத்திருக்கும்போது, பூட்டை வைத்திருக்கும் சின்ன வேலைக்குத் தற்காலிகமாகப் பெரிய வேலையின் ப்ரயாரிட்டியைக் கொடுத்துவிடுவது. ப்ரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்.

இதை அப்படியே உங்க ப்ராஜெக்ட் டீமுக்குக் கொண்டு வாங்க. மாடலை ட்ரெயின் பண்றது பெரிய வேலை. டேட்டா ஃபோல்டருக்கு அனுமதி கொடுக்கிறது ரெண்டு நிமிஷ வேலை, உங்க லிஸ்ட்ல கடைசி. ஆனா அதுக்காக டீம்ல மூணு பேர் சும்மா உட்கார்ந்திருந்தா, அதுதான் இப்போ முதல் வேலை. இன்டர்ன்ஷிப்லயும் இதேதான். காலையில லிஸ்ட் போடும்போது 'எது முக்கியம்' பக்கத்துலயே 'இதுக்காக யார் காத்திருக்காங்க'ன்னு ஒரு காலம் போடுங்க. என்னைக் கேட்டா, அந்த ரெண்டாவது காலம்தான் அதிகம் உதவும்.

இன்னொரு விஷயம். ப்ரயாரிட்டி மட்டுமே பார்த்தால் கீழே இருக்கிற வேலைக்கு முறையே வராது. அதைத்தான் ஸ்டார்வேஷன் என்கிறோம் (அரியர் பேப்பர் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை). அதுக்கு ஓ.எஸ். செய்வது ஏஜிங்: காத்திருக்கும் நேரம் கூடக்கூட ப்ரயாரிட்டியையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. மூணு நாளா தள்ளிப் போட்ட வேலையை நாலாவது நாள் மேல தூக்கிப் போடுங்க.

நோட்டிஃபிகேஷன் எல்லாம் இன்டரப்ட். பெரும்பாலானதை மாஸ்க் பண்ணிடலாம். அம்மா போன் மட்டும் நான்-மாஸ்கபிள்.