மீன்குளத்து நீரும் நீர்த்தாவரங்களும்

ஆந்திரப் பிரதேசத்தில் கிருஷ்ணா, கோதாவரி ஆற்றுக் கழிமுகங்களுக்கு இடையே கொல்லேறு என்னும் நன்னீர் ஏரி உள்ளது. கூழைக்கடா முதலிய பறவைகள் தங்கும் இடம் அது. காலப்போக்கில் ஏரிப்படுகையிலேயே மீன்குளங்கள் பெருகின. அவற்றின் கழிவுநீர் ஏரியில் கலந்தது. 2006ஆம் ஆண்டில் உச்சநீதிமன்ற ஆணையின்படி பல குளங்களின் கரைகள் உடைக்கப்பட்டன. குளங்களை நம்பி வாழ்ந்தோர் பலர் பிழைப்பை இழந்தனர். ஏரியையும் மீன்வளர்ப்பையும் ஒருங்கே காக்க இயலாதா?

முதலில் நீர் கெடும் விதத்தை அறிவோம். மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. உண்ணாது எஞ்சிய தீனியும் குளத்தின் அடியில் அழுகி அம்மோனியாவைத் தருகிறது. அது மிகுந்தால் மீனுக்கே நஞ்சாகும். நீரில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டு பயிருக்கு உரமன்றோ! ஆயினும் உரம் நிறைந்த அந்நீரை ஏரியில் விட்டால், பாசி அளவின்றிப் படர்ந்து, மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும்.

ஆகவே, கழிவுநீரைத் தனிக்குளத்தில் தேக்கி, அங்கு நீர்த்தாவரங்களை வளர்க்கலாம். அவற்றின் வேர்கள் உரச்சத்தை உறிஞ்சும். வேரிடையே மிதக்கும் அழுக்கும் தங்கும். இதற்கு வள்ளைக்கீரை ஏற்றது. வங்காளத்தில் வாழும் மாணவர்கள் இதனைக் 'கல்மி' என்னும் பெயரில் சந்தையில் கண்டிருப்பீர்கள்.

கிழக்குக் கொல்கத்தாவின் சதுப்புநிலத்தில், மாநகரக் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கின்றனர். அக்குளங்களின் கரையோரம் ஆகாயத்தாமரையை வரிசையாக விட்டுவைக்கின்றனர். அது அலை கரையை அரிக்காமல் தடுக்கும். நீரிலுள்ள உலோகங்களையும் ஈர்க்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, காவலின்றி விட்டால் குளம் முழுவதையும் மூடிவிடும் என்பதையும் மறவாதீர்.

உண்மையான உழைப்பு அறுவடையில்தான் இருக்கிறது. வளர்ந்த செடியை அவ்வப்போது வெளியே எடுக்காவிட்டால், அது நீரிலேயே அழுகி, உறிஞ்சிய சத்தைத் திருப்பித் தந்துவிடும். எடுத்த செடியை மட்கச் செய்து வயலுக்கு எருவாக இடலாம். உலோகம் ஈர்த்த செடியை மட்டும் கால்நடைக்குத் தீனியாகவோ வயலுக்கு எருவாகவோ பயன்படுத்தலாகாது.

சொற்பொருள்
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
செவுள் – மீன் மூச்சுவிடும் உறுப்பு
உயிர்வளி – ஆக்சிஜன்

விடையளிக்க
1. மீன்குளத்து நீரில் அம்மோனியா எவ்வாறு சேர்கிறது?
2. நீர்த்தாவரங்களை ஏன் அறுவடை செய்ய வேண்டும்?
3. நீங்கள் வாழும் ஊரின் நீர்நிலையில் வளரும் செடி ஒன்றன் பெயரை அவ்வூர் மொழியிலும் தமிழிலும் கேட்டறிந்து எழுதுக.