எண்பது பேருக்கு வேலை கிடைத்தது; எத்தனை பேருக்கு உங்களால் கிடைத்தது?

தொழிற்பயிற்சித் திட்டங்களை எப்படி எடைபோடுவது என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்தகைய திட்டங்களை மதிப்பிடும் பணியில் இருப்பவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களுக்கு மூன்று மாதத் தையல் பயிற்சி கொடுத்து, திருப்பூர் கம்பெனிகளில் சேர்த்துவிடுகிறோம். 80 சதவீதம் பேருக்கு வேலை கிடைக்கிறது. நிதி தரும் நிறுவனமோ, "இது போதாது, திட்டத்தின் பலனைக் காட்டுங்கள்" என்கிறது. இதற்கு மேல் எதைக் காட்டுவது?
– தொண்டு நிறுவனத் திட்ட ஒருங்கிணைப்பாளர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்த 80 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். அது யாரில் 80 சதவீதம்? வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெயர் இருந்தவர்களிலா, சான்றிதழ் வாங்கியவர்களிலா? பல அறிக்கைகள் முடித்தவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கின்றன. 140 பேர் சேர்ந்து, 100 பேர் முடித்து, 80 பேர் வேலைக்குப் போயிருந்தால் உங்கள் விகிதம் 57தான். நடுவில் நின்றுபோன 40 பேர் யார் என்று பாருங்கள். டெல்லியில் ஏழைப் பெண்களுக்கான தையல் பயிற்சியை ஆராய்ந்த புஷ்கர் மைத்ராவும் சுபா மணியும், மையம் வீட்டிலிருந்து தொலைவில் இருப்பதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் பயிற்சியை முடிக்கவிடாமல் செய்வதைக் கண்டார்கள். யாரை நினைத்துத் திட்டம் தொடங்கினீர்களோ, அவர்களே இப்படி முதலில் நின்றுவிடக்கூடும்.

அடுத்து, கிடைத்த வேலை எது? பவர் டேபிளில் டெய்லராக உட்கார்ந்தாரா, செக்கிங், பிசிர் வெட்டுவது என்று ஹெல்பராகச் சேர்ந்தாரா? உங்கள் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே டிக் மார்க்தான். ஹெல்பர் வேலைக்கு மூன்று மாதப் பயிற்சி தேவையில்லை. ஆள் தேவைப்படும் சீசனில் கம்பெனி கேட்டில் போய் நின்றாலே எடுத்துக்கொள்வார்கள்.

நிதி தருபவர் கேட்பதும் இதைத்தான். நீங்கள் இல்லாவிட்டாலும் எத்தனை பேர் வேலைக்குப் போயிருப்பார்கள்? உதாரணத்துக்கு, உங்களிடம் விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் போன 100 பேரில் 65 பேர் தாங்களாகவே வேலை தேடிக்கொண்டார்கள் என்று வையுங்கள். அப்போது உங்கள் பலன் 80 அல்ல, 15.

"பயிற்சிக்கு முன்னால் வருமானமே இல்லை, இப்போது மாதம் பத்தாயிரம்" என்று முன்பின் ஒப்பிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கையில் இருந்த வேலை போன பிறகுதான் பலரும் பயிற்சிக்கு வருகிறார்கள். வருமானம் அடிமட்டத்தில் இருக்கும் மாதத்தில் சேருவதால், பயிற்சி இல்லாமலும் பிறகு கொஞ்சம் ஏறியே தீரும். இதை 1978-லேயே அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் சுட்டிக்காட்டினார்.

வேலையில்லாதோருக்காகத் துருக்கி அரசு நடத்தும் பயிற்சியை, விண்ணப்பித்த ஏறக்குறைய 5,900 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மிகச் சிறியது. விண்ணப்பித்தவர்களும் அதிகாரிகளும் எதிர்பார்த்ததோ அதைப்போலப் பல மடங்கு. வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2017-ல் தொகுத்த டேவிட் மெக்கன்சி, 100 பேருக்குப் பயிற்சி தந்தால் அதனால் மட்டுமே வேலை பெறுபவர்கள் சராசரியாக மூன்று பேருக்கும் குறைவு என்று கணக்கிட்டார். ஆகவே, நேர்மையாகக் கணக்கிட்டு 15 என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம், தைரியமாக எழுதுங்கள்.

கேள்வி: ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குப் பயிற்சி கொடுக்காமல் விடுவார்களாமே! ஏழைப் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்வது பாவமில்லையா?
– ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: எல்லோருக்கும் இடம் இருந்தும் சிலரைத் திருப்பி அனுப்பினால் பாவம்தான். நீங்கள் பணியில் இருந்தபோது விண்ணப்பித்த எல்லோருக்குமா இடம் கிடைத்தது? 30 இடத்துக்கு 70 பேர் வந்தால் 40 பேர் எப்படியும் வெளியேதான். அந்த 40 பேரை யார் தீர்மானிப்பது என்பதே கேள்வி. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்றால், தகவல் முதலில் எட்டிய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும். சிபாரிசு என்றால் சொல்ல வேண்டியதில்லை. தகுதியுள்ள எல்லோர் பெயரையும் போட்டுக் குலுக்கி எடுப்பது இவற்றைவிட நியாயமானது. இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிடவும் அது வழி செய்கிறது.

கொலம்பியாவில் இதைச் செய்தார்கள். நகர்ப்புற ஏழை இளைஞர்களுக்கு மூன்று மாதம் வகுப்பு, அடுத்த மூன்று மாதம் கம்பெனியிலேயே நேரடிப் பயிற்சி. 2005-ல் இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். இடம் கிடைத்த பெண்களின் வருமானம், கிடைக்காதவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. ஆண்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. குலுக்கல் நடத்தாமல் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இந்த வேறுபாடு வெளியே தெரிந்திருக்காது.

ஆனால் 25 பேர் கொண்ட ஒரே பேட்ச் நடத்தும் சிறு அமைப்புக்கு இது வேண்டாம். அவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் வரும் வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். அடுத்த பேட்சுக்குக் காத்திருப்போரிடம் இப்போது என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், ஒப்பிட ஓரளவு ஆதாரம் கிடைக்கும்.

கேள்வி: பயிற்சி முடிந்து எவ்வளவு காலம் கழித்துப் பலனைப் பார்க்க வேண்டும்?
– சமூகப்பணி முதுகலை மாணவி, திருச்சி

பதில்: ஒரே ஒரு முறை பார்த்தால் எப்போது பார்த்தாலும் ஏமாறலாம். டேவிட் கார்டு உள்ளிட்ட மூவர் உலகெங்கும் நடந்த 200-க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளைத் தொகுத்தபோது, பயிற்சியின் பலன் முதல் வருடத்தில் மிகக் குறைவாகவும் இரண்டு, மூன்று வருடங்களில் கூடியும் இருந்தது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். வடக்கு உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்கு, தொழில் கற்கவும் கருவி வாங்கவும் 2008 வாக்கில் அரசு மானியம் கொடுத்தது. நான்கு வருடம் கழித்து அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் அதிகம். ஒன்பது வருடம் கழித்துப் பார்த்தால், மானியம் வாங்காதவர்களும் வருமானத்தில் அவர்களை எட்டிப்பிடித்திருந்தார்கள். மூன்றாம் மாதம், ஒரு வருடம், மூன்று வருடம் என மூன்று முறையாவது பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பையனுக்கு அந்த வேலை கிடைத்தால், வேறு ஊர்ப் பையனுக்குக் கிடைக்காமல் போகிறது. மொத்தத்தில் என்ன லாபம்?
– கடை உரிமையாளர், ஓசூர்

பதில்: நிபுணர்களே அடிக்கடி மறந்துவிடும் கேள்வி இது. பிரான்ஸில் படித்த வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை தேடித் தரும் திட்டத்தை எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்தார்கள். உதவி பெற்றவர்களுக்கு நிலையான வேலை கூடுதலாகக் கிடைத்தது உண்மை. ஆனால் அதில் ஒரு பகுதி, உதவி பெறாதவர்களுக்குப் போயிருக்க வேண்டிய வேலை. வேலை குறைவாக இருந்த பகுதிகளில் இந்தத் தள்ளுமுள்ளு அதிகமாகத் தெரிந்தது. ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் தவிக்கும் தொழிலுக்குப் பயிற்சி கொடுத்தால் லாபம் உண்டு. வரிசையில் ஏற்கெனவே நூறு பேர் நிற்கும் தொழிலுக்குக் கொடுத்தால் வரிசையின் முறை மட்டுமே மாறும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைப் பயிற்சி மையங்களுக்குக் கொடுக்கிறோம். 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித் தந்தால்தான் கடைசித் தவணை. இப்படிக் கறாராக இருப்பது சரிதானே?
– சி.எஸ்.ஆர். பிரிவு மேலாளர், கோவை

பதில்: பணத்துக்குக் கணக்குக் கேட்பது சரி. எதை அளந்து பணம் தருகிறீர்களோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். 70 சதவீதம் என்று சொன்னதும் மையத்தின் பொறுப்பாளர் சேர்க்கையிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வீடு இருக்கிற பெண்ணை எடுப்பார். கைக்குழந்தையோடு வருகிற, கணவனை இழந்த பெண்ணிடம் "அடுத்த பேட்ச்ல பாக்கலாம்மா" என்பார். உங்கள் அறிக்கையில் 85 சதவீதம் வரும். நீங்கள் உதவ நினைத்தவர் வாசலோடு திரும்பியிருப்பார்.

அமெரிக்காவில் ஏழைகளுக்கான ஜே.டி.பி.ஏ. பயிற்சித் திட்டம் 1980-களிலும் 90-களிலும் இப்படி இலக்கு வைத்து நடந்தது. அதை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹெக்மன் குழுவினர், உடனடி வேலை எண்ணிக்கைக்கும் நீண்டகாலப் பலனுக்கும் தொடர்பு மிகக் குறைவு என்றும், சில கணக்குகளில் இரண்டும் எதிரெதிராகவே போயின என்றும் கண்டார்கள். நன்றாக மதிப்பெண் வாங்கிய மையங்கள், எப்படியும் வேலைக்குப் போயிருக்கக்கூடியவர்களை எடுத்த மையங்களாகவும் இருக்கலாம்.

இதற்கு நேபாளத்தின் 'எம்ப்ளாய்மென்ட் ஃபண்ட்' ஒரு வழி காட்டியது. பயிற்சி முடிந்ததும் ஒரு பங்கு பணம். பயின்றவர் வேலையில் நிலைத்திருப்பதைச் சரிபார்த்த பிறகே மீதி. ஏழைப் பெண்கள், ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் போன்று வேலை கிடைப்பது கடினமானவர்களை வேலையில் அமர்த்தினால் மையத்துக்குக் கூடுதல் தொகை. உங்கள் ஒப்பந்தத்திலும் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரிபார்க்கும் வேலையைப் பயிற்சி மையத்திடமே விடாமல் வெளியாளிடம் கொடுங்கள். ஆஃபர் லெட்டர் நகலை ஆதாரமாக ஏற்க வேண்டாம்; பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், நான்காம் மாதம் நின்றுபோனவர் அதில் தெரிந்துவிடுவார்.

கேள்வி: என் தம்பிக்கு மனநலச் சிகிச்சை நடக்கிறது. மெழுகுவத்தி, காகிதப்பை, கணினி என்று ஒவ்வொரு பயிற்சிக்கும் அனுப்பினோம். சான்றிதழ்கள் ஃபைல் நிறைய இருக்கின்றன, வேலைதான் இல்லை. குறை அவனிடமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை அம்மா. 'முதலில் முழுசாகத் தயாராகட்டும், பிறகு வேலை' என்ற வரிசையில்தான் கோளாறு. தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். விருப்பமான சாதாரண வேலையில் சீக்கிரமே சேர்த்துவிட்டு, அங்கேயே பழக்கிவிடுவது; முதலாளியிடம் பேசவும், மாத்திரையால் காலையில் தூக்கம் அழுத்தினால் நேரத்தை மாற்றித் தரச் சொல்லவும் ஓர் உதவியாளர் தொடர்ந்து கூடவே இருப்பது. அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் உருவாக்கிய இந்த முறையின் முதல் பெரிய ஒப்பீட்டு ஆய்வு 1996-ல் வந்தது. அதற்குப் பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்த முறையில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிச்சந்தை வேலைக்குப் போயிருக்கிறார்கள். பழைய முறைப் பயிற்சியில் கால்பங்கினர்தான்.

எனவே அடுத்த மையத்துக்குப் போகும்போது "என்ன கோர்ஸ் இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "வேலையில் சேர்ந்த பிறகு எத்தனை மாதம் கூட வருவீர்கள்?" என்று கேளுங்கள். தெரிந்த கடையிலோ அச்சகத்திலோ தினம் இரண்டு மணி நேர வேலையில் தொடங்க முடியுமா என்றும் பாருங்கள். மருத்துவரிடமும் கலந்து பேசுங்கள். இத்தகைய திட்டங்களை மதிப்பிடுபவர்கள் சான்றிதழ்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து சம்பளத்துக்கு வேலை செய்த நாட்களை எண்ண வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் பயிற்சி முகாம் போட்டு, ஹாஸ்டல் இலவசம், வேலை உறுதி என்கிறார்கள். எங்கள் குழுவில் பத்துப் பெண்கள் பெயர் கொடுக்க நினைக்கிறார்கள். புள்ளிவிவரம் தெரியாத நாங்கள் எப்படி நம்புவது?
– மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்களுக்குப் புள்ளிவிவரம் வேண்டாம். முகாமில் எல்லோர் முன்னாலும் நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

ஒன்று, போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், இன்று எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? மூன்று எண்களையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு, சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதாது. ஹாஸ்டல், சாப்பாடு, வேன் என்று பிடித்ததுபோக எவ்வளவு கைக்கு வரும்? மாதச் சம்பளமா, பீஸ் ரேட்டா? ஒரு சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்று, வேலை எந்த ஊரில்? இரவு ஷிஃப்ட் உண்டா? வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் லீவு கிடைக்குமா? பொங்கலுக்கு ஊருக்கு வந்த பெண் திரும்பிப் போகாததற்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நான்கு, போன பேட்சில் படித்த இரண்டு பெண்களோடு பேச வேண்டும். ஒருவர் வேலையில் இருப்பவர், இன்னொருவர் விட்டுவிட்டு வந்தவர். வேலையில் இருப்பவரை அவர்களே அழைத்து வருவார்கள். விட்டு வந்தவரைப் பக்கத்து ஊர்க் குழுக்களிடம் விசாரித்து நீங்களே தேடிப் பேசிவிடுங்கள். அவர் சொல்வதைக் கேட்ட பிறகு, பத்துப் பேரில் யார் யார் போகலாம் என்று முடிவெடுங்கள்.