கதவு தொங்குதா? ஆலன் கீ எடுக்கும் முன் ஒரு எஃப்பிடி

பால்கனி கதவை லேசாகத் தூக்கிப் பிடித்தால்தான் லாக் விழுதா? யுபிவிசி கதவு இருக்கிற வீடுகளில் இது சகஜம். அம்மா தூக்குவாங்க, அப்பா தோளால இடிப்பார், தம்பி ஹேண்டிலைத் தொங்கி இழுப்பான். எல்லாருக்கும் பழகிடும். ஆனா அந்த ஹேண்டிலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கியர்பாக்ஸ் இருக்கு. கதவின் ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடுகிற பட்டையை நகர்த்தி, கொக்கிகளையும் ரோலர்களையும் பூட்டுவது அதுதான். கொக்கி நிலைச்சட்டத்தில் உரசும்போது நாம கூடுதலாகக் கொடுக்கிற விசை முழுக்க அந்தக் குட்டி கியர்பாக்ஸ் மேல போகும். கதவு பூட்டியிருக்கும்போது அது உடைஞ்சா கதவு திறக்காது. அப்போ பால்கனியில் துணி காயப்போட யாராவது போயிருந்தால் யோசிச்சுப் பாருங்க.

அதனால முதல் டெஸ்ட் கீலில் இல்ல, லாக்கில். கதவைத் திறந்து வைத்தபடியே ஹேண்டிலை இயக்குங்க. கொக்கிகள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் லாக் நல்லா இருக்கு, கதவுதான் இடம் மாறியிருக்கு. திறந்திருக்கும்போதே இறுகினால் கோளாறு லாக்கில். கீலை எவ்வளவு திருகினாலும் பிரயோஜனம் இல்லை.

(குளியலறைக்குப் போடுகிற லேசான பிவிசி கதவு வேற சாதி. அதன் கீலில் பொதுவாக அட்ஜஸ்ட்மென்ட் இருக்காது.)

இப்போ செகண்ட் செம் மெக்கானிக்ஸ். கதவு 800 மிமீ அகலம், 2100 மிமீ உயரம், கண்ணாடியோடு 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை சுமார் 392 நியூட்டன், அது நடுவில், அதாவது கீலிலிருந்து 0.4 மீட்டரில் இறங்குது. மொமென்ட் சுமார் 157 நியூட்டன் மீட்டர். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 1.7 மீட்டர் என்றால், ஒவ்வொன்றிலும் கிடைவிசை சுமார் 92 நியூட்டன். மேல் கீலை கதவு வெளியே இழுக்குது, கீழ்க் கீலை நிலைச்சட்டத்துக்குள்ள தள்ளுது. இது நாள் முழுக்க, வருஷம் முழுக்க. அதனாலதான் கதவு கீல் பக்கத்தில் அப்படியே இருக்க, லாக் பக்கம் மட்டும் கீழே சாயுது. பார்த்தாலே தெரியும்: லாக் பக்கத்து மேல் மூலை நிலைச்சட்டத்தை நெருங்கியிருக்கும், கீழ் மூலை தரைச்சட்டத்தில் உரசும்.

எவ்வளவு சரி பண்ணணும்? மேல் கீலை 1 மிமீ உள்ளே இழுத்தால் கதவு 1700-ல் ஒரு பங்கு ரேடியன் திரும்பும். 800 மிமீ தள்ளியிருக்கிற லாக் ஓரம் அரை மில்லிமீட்டர்தான் மேலே ஏறும். அப்போ லாக் பக்கம் 2 மிமீ இறங்கியிருந்தால் மொத்தம் 4 மிமீ வேணும். அதை ஒரே கீலில் வாங்காதீங்க. மேல் கீலில் 2 உள்ளே, கீழ்க் கீலில் 2 வெளியே என்று பிரிச்சுக்கங்க.

வேலை சின்னதுதான். கீல் மேல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் ஆலன் திருகு தெரியும். எந்தத் திருகு பக்கவாட்டுக்கு, எது உயரத்துக்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அரைச் சுற்று திருகி, கதவு எந்தப் பக்கம் எவ்வளவு நகருதுன்னு அளந்தாலே புரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி கதவின் இப்போதைய இடத்தை நிலைச்சட்டத்தில் பென்சிலால் குறிச்சிடுங்க. லாக் பக்கத்து அடியில் ஒரு மர ஆப்பு வைத்து எடையைத் தாங்கிக்கொண்டால் திருகு இலகுவா சுத்தும். நடுவில் மூணாவது கீல் இருந்தால் அதை முதல்ல தளர்த்துங்க. இல்லன்னா மேலும் கீழும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, அது நடுவுல மல்லுக்கட்டும். அரை அரைச் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு தடவையும் மூடிப் பாருங்க. கதவு சாயாமல் மொத்தமா இறங்கியிருந்தால் மட்டும் உயரத் திருகைத் தொடுங்க. எல்லாக் கீலிலும் சமமா ஏத்தணும், இல்லன்னா ஒரே கீல் மொத்த எடையையும் சுமக்கும்.

இதையெல்லாம் மதிய வெயிலில் பண்ணாதீங்க. தனி யுபிவிசி என்று கணக்குப் போட்டால், டிகிரிக்கு சுமார் 0.00007 வீதம், 2.1 மீட்டர் உயரம் 25 டிகிரி சூட்டில் 3.7 மிமீ நீளும். உள்ளே ஸ்டீல் சட்டம் இருக்கிறதால அவ்வளவு வராது. ஆனாலும் மேற்குப் பார்த்த கதவு மாலையில் மட்டும் இறுகுதுன்னா காரணம் கீல் இல்லை, வெயில்.

ஆலன் கீ எடுத்தவர்கள் பலர் விட்டுடுற இடம் ஒண்ணு இருக்கு. டேப் எடுத்து கதவின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்க. சமமா இருந்தால் கதவு சதுரமாத்தான் இருக்கு, கீல் போதும். மேல் கீல் மூலையிலிருந்து கீழ் லாக் மூலை வரை உள்ள அளவு மட்டும் நீளமா வந்தால், கதவே கோணிடுச்சு. நம்ம அளவுக் கதவில் லாக் பக்கம் 3 மிமீ கோணினால் இரண்டு அளவுக்கும் சுமார் 5.6 மிமீ வித்தியாசம் வரும், சாதாரண டேப்பிலேயே தெரியும். பழைய பலகைக் கதவின் பின்னால் கீழ்க் கீலிலிருந்து எதிர் மேல் மூலைக்கு ஒரு குறுக்குச்சட்டம் அடிச்சிருப்பாங்க இல்லையா? யுபிவிசியில் அந்த வேலையைச் செய்வது கண்ணாடி. கீழ்க் கீல் மூலையிலும் மேல் லாக் மூலையிலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் பேக்கர்களைச் செருகி இறுக்குவாங்க. அது நழுவினால் சட்டம் தொங்கும். கீலைத் திருகி அதைச் சமாளிக்கலாம், ஆனா கொஞ்ச நாளில் மறுபடி தொங்கும், அப்போ திருகில் மிச்ச இடம் இருக்காது. பேக்கர் மாத்தணும்னா கண்ணாடியைப் பிடித்திருக்கிற பீடிங்கைக் கழற்றணும். 25, 30 கிலோ கண்ணாடி, தனியா செய்கிற வேலை இல்லை. ஃபிட்டரைக் கூப்பிடுங்க. கூப்பிடும்போது “கதவு இறுகுது” என்று மட்டும் சொல்லாமல், இரண்டு மூலைவிட்ட அளவையும் சொல்லுங்க. அவர் பேக்கரோட வருவார்.