எலி சொன்ன ரகசியம்!

மார்பகக் கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினால், ரிப்போர்ட்டில் 'ஹெர்-2 பாசிட்டிவ்' அல்லது 'நெகட்டிவ்' என்று ஒரு வரி வரும். படித்ததும் வயிற்றைக் கலக்கும். அந்த வரியைப் புரிந்துகொள்ள, சோதனைக்கூட எலிகளிடம்தான் போக வேண்டும்.

உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லின் மேலுறையிலும் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். 'இது நம்மாளு, இது அந்நியன்' என்று எதிர்ப்புச் சக்தி கண்டுபிடிக்க உதவும் இந்த அடையாளங்களுக்கு ஆன்டிஜென் என்று பெயர்.

ஒரு சுண்டெலியின் கட்டியை இன்னொன்றுக்கு வைத்தால் பல சமயம் கரைந்துவிடும். 'ஆஹா, புற்றுநோய்க்கே எதிர்ப்பு!' என்று குதிக்கலாமா? 1930-களில் லண்டனில் பீட்டர் கோரர் ஆராய்ந்தபோது தெரிந்தது வேறு. வேற்று எலியின் திசு என்பதால்தான் உடம்பு அதைத் தள்ளியது! இன்று சிறுநீரக மாற்றுக்குப் பொருத்தம் பார்க்கிறோமே, அதற்கு வேர் இங்கேதான்.

சரி, கட்டிக்கென்று தனி அடையாளம் உண்டா? இதற்காகவே உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, இரட்டைப்பிள்ளைகள் போன்ற எலிகளை வளர்த்தார்கள். 1957-ல் அமெரிக்காவில் பிரென், மெயின் இருவரும் இத்தகைய எலிகளில் ரசாயனத்தால் கட்டி உண்டாக்கினார்கள். அந்தக் கட்டியை இன்னொரு எலியில் வளரவிட்டு, அகற்றி, மறுபடி அதே கட்டியின் செல்களை வைத்தால்... வளரவில்லை! முதலில் கட்டி வந்த எலியின் தோலை ஒட்டிப் பார்த்தார்கள். அது ஜம்மென்று ஒட்டிக்கொண்டது. ஆக, எதிர்ப்பு கட்டிக்கு மட்டுமே. ஆனால் தானாக வந்த கட்டிகளில் இந்த எதிர்ப்பு சரியாகக் கிடைக்கவில்லை. இந்த 'ஆனால்' விஞ்ஞானிகளை ரொம்ப வருடம் அலைக்கழித்தது.

அடையாளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எலியின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடியைக் கட்டி செல்களோடு கலப்பார்கள். கூடவே 'காம்ப்ளிமென்ட்' என்ற ரத்தப் புரதம். ஆன்டிபாடி ஒட்டிய செல் செத்துப்போகும். டிரைபான் நீலச் சாயம் விட்டால், செத்த செல் மட்டும் நீலமாகும். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதுதான். கண் பூத்துப்போகும் வேலை! 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே அடையாளத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தயாரிக்கும் வழி கண்ட பிறகு வேலை சுலபமானது.

1980-களின் ஆரம்பத்தில், பெரிய எலியின் நரம்புக் கட்டியிலிருந்த டி.என்.ஏ.வைச் சுண்டெலி செல்களில் செலுத்தினார்கள். அந்தச் செல்களால் கட்டி வந்த சுண்டெலிகளின் ஆன்டிபாடி ஒரு புதுப் புரதத்தைக் காட்டிக்கொடுத்தது. மனிதர்களிடம் அதன் ஜோடிதான் ஹெர்-2.

பாசிட்டிவ் என்றால் கட்டி வேகமாக வளரும் ரகம். ஆனால் அந்த அடையாளத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து 1998-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. ரிப்போர்ட்டில் '2+' என்று இருந்தால் முடிவு இன்னும் உறுதியாகவில்லை; 'ஃபிஷ்' என்ற இன்னொரு பரிசோதனையைக் கேளுங்கள். இந்த மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்பதால், தொடங்கும் முன்பும் நடுநடுவேயும் எக்கோ எடுப்பார்கள். தட்டிக்கழிக்காதீர்கள்.