பூசலும் இணக்கமும்

சென்னையிலிருந்து ஆவடி செல்லும் மின்சார இரயில் பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரைவாக்கம், அம்பத்தூர் முதலிய ஊர்களைக் கடந்து செல்கின்றது. விடியற்காலையில் அதில் ஏறுவோருள் பலர் தொழிலாளர். ஆவடியில் கவச ஊர்தி ஆக்கும் ஆலைக்குச் செல்வோர் சிலர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்வோர் பலர். பல ஊரினர், பல இயல்பினர் எட்டு மணி நேரம் தோளோடு தோள் நின்று உழைக்குமிடத்தில் பூசலே தோன்றாதிருத்தல் அரிது. தோன்றியதை எவ்வாறு தீர்ப்பது என்பதே வினா.

சிறு பட்டறை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். காலை ஷிப்டு முடித்துச் செல்பவன் கடைசல் பொறியைத் துடைப்பதில்லை. மழுங்கிய உளியை மாற்றுவதுமில்லை. அடுத்து வருபவன் அதனைச் செப்பம் செய்வதிலேயே அரைமணி கழிக்கின்றான். அவன் செய்து முடிக்கும் உருப்படிகள் குறைகின்றன. மேற்பார்வையாளர் அவனையே கடிந்துகொள்கின்றார். ஏழு நாள் வாய் திறவாதிருந்தவன், எட்டாம் நாள் கை ஓங்குகின்றான். காண்போர், "அவ்விருவருக்கும் ஆகாது" என்று சொல்லி அகல்வர். இஃது எளிய விடை. ஆயினும் பிழையான விடை. முதல்வனைத் தனியே அழைத்துப் பொறுமையுடன் கேட்டால், மணி அடித்த சிறிது நேரத்தில் தன்னை ஏற்றிச்செல்லும் பேருந்து புறப்பட்டுவிடும் என்பான். குற்றம் அவ்விருவர் குணத்தில் இல்லை. பொறியைத் துடைத்து ஒப்படைக்கப் பத்து நிமிடம் எவரும் ஒதுக்கவில்லை. பூசலின் வேர் அதுவே.

பத்து நிமிடம் சிறிதன்று. பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்க்கு நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே அளிக்கப்பட்டிருந்தது. அக்குறையையும் பிற குறைகளையும் அவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகியோரிடம் முறையிட்டனர். அம்முறையீட்டின் பயனாக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவரானார், திரு. வி. க. அவருக்குத் துணைநின்றார். உணவு வேளை நாற்பது நிமிடமாயிற்று.

அச்சங்கமே 1921 ஆம் ஆண்டில் பெருந்துன்பத்துக்கு உள்ளாயிற்று. வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் சேரவில்லை. ஒரே கூரையின்கீழ் நூல் நூற்றவரிடையே சாதிப்பிளவு புகுந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் மாண்டன. பல திங்கள் கழிந்தபின் தொழிலாளர் வெறுங்கையுடன் ஆலைக்குத் திரும்பினர். முதலாளியோடு பேச ஓர் அமைப்பு இருந்தது. தொழிலாளர் தமக்குள் பேசித் தீர்க்க அத்தகைய இடம் இல்லை. மறு ஆண்டில் அவ்வாலையில் இருதரப்பினரும் அமரும் குழுவொன்று அமைந்தது. இந்தியாவில் இத்தகைய குழுக்களுள் அது பழமையானவற்றுள் ஒன்று.

பின்னர் 1947 ஆம் ஆண்டுச் சட்டம், நூற்றுவரும் அதற்கு மேற்பட்டவரும் பணிபுரியும் ஆலைகளில் அத்தகைய குழுவை அமைக்க ஆணையிட அரசுக்கு அதிகாரம் அளித்தது. 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டம் இன்னும் நுட்பமானது. இருபது தொழிலாளர் உள்ள இடத்திலும் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கின்றது. இருதரப்புக்கும் சம எண்ணிக்கை. உறுப்பினர் பதின்மருக்கு மிகலாகாது. பெண்களுக்கு அவர்தம் விகிதத்துக்குக் குறையாத இடம். தலைமைப் பொறுப்பு ஆண்டுதோறும் இருதரப்புக்கும் மாறி மாறி வரும். முறையீட்டை முப்பது நாளில் ஆராய்ந்து முடித்தல் வேண்டும்.

எனினும் எட்டாம் நாள் ஓங்கிய கை முப்பது நாள் காத்திராது. அதற்குப் பணியிடத்திலேயே வழி காணல் வேண்டும். ஜப்பானியர் 1962 முதல் தரவட்டம் என்னும் சிறு குழுக்களை அமைத்தனர். ஒரே வேலையைச் செய்வோர் சிலர் கூடி, 'யார் செய்தது?' என்று வினவாமல் 'ஏன் நேர்ந்தது?' என்று வினவுவர். காரணங்களை மீன்முள் போன்ற படமாக வரைவர். ஆள், பொறி, பொருள், முறை என்று ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு பெயர். அம்பத்தூரையடுத்த பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998 இல் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. தொழிலாளர் அனைவரையும் இத்தகைய ஆய்வில் ஈடுபடுத்துவது அப்பரிசுக்கு உரிய நெறிகளுள் ஒன்று.

நம் பட்டறையில் அத்தகைய படம் வரைந்திருப்பின், 'ஆள்' என்னும் முள்ளில் எழுத ஒன்றுமிராது. 'முறை' என்னும் முள்ளிலேதான் அந்தப் பத்து நிமிடம் எழுதப்பட்டிருக்கும்.